பாலைவனமும் போர்க்கப்பல்களும்

ஜான் மிலியஸ் இயக்கிய ‘தி விண்ட் அண்ட் த லயன்’ (1975) படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்து அமைதியான வீட்டுக்குள் குதிரைவீரர்கள் பாய்ந்து நுழையும் காட்சியில் இம்முறையும் என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படத்தில் மொராக்கோவின் கிளர்ச்சித் தலைவன் ரைசூலி கவர்ந்து செல்வது ஓர் இளம் தாயையும் அவளுடைய இரு குழந்தைகளையும். 1904 மே மாதத்தில் அவர் உண்மையில் கடத்தியதோ அமெரிக்கராகக் கருதப்பட்ட, அறுபதைக் கடந்த அயன் பெர்டிகாரிஸ் என்னும் செல்வந்தரையும் அவர் மனைவியின் மகனையும்.

அமெரிக்காவில் அது தேர்தல் ஆண்டு. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் போர்க்கப்பல்களை அனுப்பினார். ‘பெர்டிகாரிஸ் உயிரோடு வேண்டும், இல்லையேல் ரைசூலி பிணமாக வேண்டும்’ என்ற தந்தி, சிகாகோவில் கூடியிருந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் வாசிக்கப்பட்டபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. ஆனால் பணயத்தொகையைக் கொடுத்தவர் மொராக்கோ சுல்தான். பெர்டிகாரிஸ் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே கிரேக்கக் குடியுரிமை பெற்றிருந்தார் என்று தெரிந்த பிறகும் வாஷிங்டன் வாய் திறக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. படமோ இதைத் தொடாமல், நடந்தேயிராத ஒரு தாக்குதலைத் தாஞ்சியர் தெருக்களில் காட்டுகிறது.

அந்தக் குறை இருந்தும், ரைசூலியாக நடித்த ஷான் கானரியின் கம்பீரத்துக்கும் ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசைக்கும் நான் அடிமை. ரைசூலியின் கடிதத்தை ரூஸ்வெல்ட் தனியே அமர்ந்து படிக்கும் இறுதிப் பகுதியில் கண் கலங்கிவிட்டது.