தொடப்பக்கட்டையைக் காதில் வைத்து நடத்திய பாடம்

ஏழாம் வகுப்புக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லையே என்று விசாரிக்கப் போனதில் ஆரம்பித்தது. அம்மா போனை வீட்டில் வைத்துவிட்டுக் களையெடுக்கப் போயிருக்கிறார். மகளிர் உரிமைத் தொகை விஷயமாகப் பேசுகிறோம் என்று ஒரு அழைப்பு. இவள் எடுத்து, திரையில் வந்த ஆறு இலக்க எண்ணைப் பவ்யமாக வாசித்துக் காட்டிவிட்டாள். கணக்கிலிருந்த 3,400 ரூபாய் போயிற்று. அடிக்குப் பயந்து மறுநாள் மாலை வரை வாயே திறக்கவில்லை. பள்ளிக்கு வரவும் வெட்கம்.

அன்றிரவே தேட உட்கார்ந்தேன். உள்துறை அமைச்சகம் மாணவர்களுக்கென்று 2018இல் போட்ட சைபர் பாதுகாப்புக் கையேடு கிடைத்தது. ஆங்கிலத்தில் காமன் சென்ஸ் எஜுகேஷன் என்ற அமெரிக்க அமைப்பின் பாடங்கள், மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, எல்லாம் இலவசம். டிஜிட்டல் தடம், தனியுரிமை, இணைய மிரட்டல், செய்தியைச் சரிபார்ப்பது என்று வகுப்புவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பாடக்குறிப்பு எழுதியே பாதி ஆயுள் போன எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மடிக்கணினியில் போட்டுக்காட்டி முதல் வகுப்பு எடுத்தேன். வலுவான கடவுச்சொல் அமைப்பது எப்படி என்று நாற்பது நிமிடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி: “டீச்சர், எங்கம்மா போன்ல கோடு இழுத்தா தொறந்துரும். இதெல்லாம் எதுக்கு?” கோட்டைப் போர்டில் வரையச் சொன்னேன். ஒன்பது புள்ளி வைத்து எல் போட்டான். வகுப்பே சிரித்தது, பாதிப் பேர் வீட்டிலும் அதே எல்தான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாடங்களெல்லாம் ‘உன் போன், உன் கணக்கு’ என்றே பேசுகின்றன. என் வகுப்பின் 28 பேரில் ஒருவருக்கும் சொந்தப் போன் கிடையாது. ஆனால் கேஸ் சிலிண்டர் பதிவதும், ரேஷன் மெசேஜ் படிப்பதும், நூறு நாள் கூலி ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் இவர்கள்தான். வீட்டுக்கு வீடு ஒரு குட்டிக் கணக்குப்பிள்ளை.

அடுத்த வாரம் மடிக்கணினியை மூடிவைத்தேன். டஸ்டர்தான் என் போன். பிள்ளைகளுக்குத் தொடப்பக்கட்டை, ஜாமெட்ரி பாக்ஸ், கையில் கிடைத்தது. நான் பேங்க் மேனேஜர். “வணக்கம்மா, அம்மா இருக்காங்களா? ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு கண்ணு.” ஓடிபி சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். ஆனால் பத்தில் எட்டுப் பேரால் என் பேச்சை நடுவில் வெட்டி போனை வைக்க முடியவில்லை. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று நாம்தானே வளர்த்திருக்கிறோம்! எதிர்முனையில் இருக்கிறவன் பிடித்துக்கொள்வதே அந்த மரியாதையைத்தான். எந்தக் கையேட்டிலும் இது என் கண்ணில் படவில்லை.

அதனால் மூன்று வகுப்பு முழுக்க போனை வைக்கும் பயிற்சி மட்டும். கூச்சம் போகவேயில்லை. கடைசியில் ஒரு பையன் வழி கண்டுபிடித்தான்: “அம்மா வந்ததும் பேசச் சொல்றேங்க”, டொக். மரியாதையும் கெடவில்லை, எண்ணும் போகவில்லை. எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இணையத்தில் பணம் பறிபோனால் புகார் சொல்வதற்கான 1930 என்ற எண்ணைப் போர்டின் மூலையில் எழுதி அழிக்காமல் வைத்திருக்கிறேன். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் கூப்பிட்டால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நான் அந்தப் பிள்ளையின் அம்மாவோடு உட்கார்ந்து கூப்பிட்டது நான்காம் நாள். புகார் பதிவானது, பணம் இன்னும் வரவில்லை.

முதல் நாளே சொல்லியிருந்தால்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினேன். பிள்ளை வந்து சொன்னா அடிக்காதீங்க, உடனே போன் போடுங்க என்றேன். “அடிக்காம, கொஞ்சவா டீச்சர்?” என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்.

டிஜிட்டல் தடம் பாடத்தைப் போன வாரம்தான் எடுத்தேன். நாம் போடும் ஒவ்வொரு படமும் எங்கோ தங்கிவிடும், பிறர் படத்தைக் கேட்காமல் போடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் போன அதே பிள்ளை எழுந்தாள்.

“நாங்க கட்டையைக் காதுல வச்சிருந்த போட்டோ உங்க ஸ்டேட்டஸ்ல இருக்குன்னு அக்கா சொன்னுச்சு. எங்ககிட்ட கேக்கலையே டீச்சர்?”

இடைவேளையில் எடுத்துவிட்டேன். அதற்குள் 61 பேர் பார்த்திருந்தார்கள்.