இரண்டாவது சாவி

வங்கியின் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று அதிகாரியிடம் இருக்கும், மற்றது தலைமைக் காசாளரிடம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளையில், மூன்று வருடம் அதிகாரியான என் சாவிக்கு ஜோடி, தலைமைக் காசாளரான அவருடைய சாவி.

நான் பதவி உயர்வு வாங்கி, அதற்குள் ஐந்து ஊர்த் தண்ணீர் குடித்துவிட்டவன். அவர் அதிகாரி தேர்வுக்கு ஒருமுறைகூட விண்ணப்பித்ததில்லை. சுற்றறிக்கை வந்தால் ஒரு பிரதி எடுத்து அவர் மேஜையில் வைப்பேன். "நன்றி சார்" என்று வாங்கி, அதன் பின்பக்கத்தில் அன்றைய நோட்டுக் கணக்கை எழுதுவார்.

ஆசை இல்லாதவர், அதாவது கொஞ்சம் சோம்பேறி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

2016 நவம்பர் 10. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை மாற்ற வாசல் வரை வரிசை. அரிசிப் பானை வாசமும் அந்துருண்டை வாசமும் அடிக்கும் நோட்டுகள். இரவு எட்டு மணிக்குக் கணக்குப் பார்த்தால் ஆயிரம் ரூபாய் குறைகிறது. குறைந்தால் காசாளர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். "பாதியை நான் போடுகிறேன், வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு, இயந்திரம் நூறு என்று காட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். பத்து மணி வாக்கில் ஒரு கட்டில் விரல் நின்றது. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு ஆயிரம் ரூபாய் நோட்டுகள். நகத்தால் பிரித்து, "நூற்றியொன்று சார்" என்றார். நான் அவரைப் பற்றி வைத்திருந்த கணக்கும் அந்த இடத்தில்தான் தப்பியது.

அவருக்குச் சொந்த வீடு, மனைவிக்கு ஆசிரியர் வேலை. இதெல்லாம் இருந்தால் யாருக்கும் போதும் என்று தோன்றும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொண்டு புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

ஆறாவது ஊருக்கு மாற்றல் வந்தது. சாவியை ஒப்படைத்த அன்று கையிருப்பை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். "அந்த ஊரில் தண்ணீர் உப்பு சார், குடிக்கக் கேன் வாங்கிவிடுங்கள்" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வருடத்துச் சுற்றறிக்கை. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று என் கண் தானாகத் தேடியது.