புது கார்புரேட்டர் மாட்டியும் ஐடிலிங்கில் அணைந்துவிடும் வண்டி

பழைய பைக்குக்குப் புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாட்டுவது அரை மணி நேர வேலை என்பார்கள். மாட்டுவது அவ்வளவுதான். அதற்கப்புறம் வண்டியை ஒழுங்காக ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போதுதான் சிக்னலில் ஆஃப் ஆகாமல் நிற்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

என் வண்டி 100 சிசி, நான்கு ஸ்ட்ரோக். பழைய கார்புரேட்டரில் ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் பாகம்) தேய்ந்து ஆட ஆரம்பித்துவிட்டது. "இந்த வண்டிக்கேதான் சார், அப்படியே உட்காரும்" என்று கடைக்காரர் கொடுத்தார். போல்ட், கேபிள், ஏர் ஃபில்டர் குழாய் எல்லாம் பொருந்தின.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு குறையும் இல்லை. சூடானதும் வினை ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸிங் உடனே இறங்காது; அந்தரத்தில் நின்றுவிட்டு மெதுவாக இறங்கும், இறங்கியதும் ஆஃப். ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றினால் அலறும், குறைத்தால் அணைந்துவிடும். நடுவில் ஓர் இடமே கிடையாது.

மெக்கானிக் பக்கத்தில் இருக்கும் கலவை ஸ்க்ரூவை உள்ளே திருகினார். இன்னும் மோசமானது. மேலும் திருகினார். "ஓட ஓட செட் ஆகிடும்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். பழைய கார்புரேட்டரில் அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தது. அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். புதியதில் அது ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிறது. அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். திசையே நேர்மாறு! ஏற்கெனவே பெட்ரோல் போதாமல் தவித்த இன்ஜினுக்கு இருந்ததையும் அடைத்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் யாரையும் அதில் கை வைக்க விடாதீர்கள்.

பெட்ரோல் போதவில்லை என்று உறுதி செய்ய எளிய வழி சோக், அதாவது கலவையில் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் லிவர். சூடான இன்ஜினில் சோக்கைப் பாதி இழுத்தேன்; ஓட்டம் சட்டென்று சீரானது. அப்படியானால் ஒன்று பெட்ரோல் குறைவாக வருகிறது, இல்லையென்றால் எங்கிருந்தோ கூடுதலாகக் காற்று நுழைகிறது. ரேஸிங் அந்தரத்தில் நிற்பதால் எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம்.

சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான இன்ஜின் மேல் அது தீப்பிடிக்கும், வேண்டாம். சாதாரணத் தண்ணீர் ஸ்பிரே போதும். கார்புரேட்டர் மேனிஃபோல்டோடு (இன்ஜினுக்குப் போகும் குழாய்) சேரும் இடத்தில் லேசாக அடித்தேன், இன்ஜின் சத்தம் மாறியது. காற்று அங்கேதான் நுழைகிறது. கழற்றி, அங்கே சேரும் முகப்பின் மேல் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. புத்தம் புது சாமான், முகப்பு வளைந்திருக்கிறது!

கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஸ்கேலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாட்டின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம், போல்ட்டை நல்லா டைட் பண்ணுங்க." அந்த யோசனையைக் கேட்காதீர்கள். டைட் செய்யச் செய்ய முகப்பு இன்னும் வளையும். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமரி தாளைப் பரப்பி, முகப்பை எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கினேன். நன்றாகக் கழுவிப் புது ஓரிங் (ரப்பர் வளையம்) போட்டேன். நடுவில் இருக்கும் கறுப்பு இன்சுலேட்டரைத் தவறாமல் மாட்டுங்கள். அது இல்லையென்றால் இன்ஜின் சூடு நேராகக் கார்புரேட்டருக்கு ஏறும்.

ஐடிலிங் வந்துவிட்டது, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் ஆக்சிலேட்டரை லேசாகத் திறக்கும் இடத்தில் ஒரு தயக்கம் மிச்சம் இருந்தது. அந்த அளவில் முக்கியமாக வேலை செய்வது பைலட் ஜெட் (ஜெட் என்பது பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள திருகு). பாதி அளவில் ஸ்லைடு ஊசி, முழுக்கத் திறக்கும்போது மெயின் ஜெட். இரண்டு கார்புரேட்டரின் ஜெட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: துளை அளவைக் காட்டும் எண் பழைய பைலட்டில் 38, புதியதில் 35. மரையும் நீளமும் ஒன்றாகவே இருந்ததால் பழையதைச் சுத்தம் செய்து மாட்டினேன், தயக்கம் போயே போய்விட்டது. நம்பரை மட்டும் நம்பிப் புது ஜெட் வாங்காதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் எண் முறை மாறும். பழைய கார்புரேட்டரை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

கடைசியாகக் கலவை ஸ்க்ரூ. முழுக்க மெதுவாக உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்தி, ஐடிலிங் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தினேன். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

ஸ்பார்க் பிளக் இப்போது இளம் பழுப்பு நிறத்தில் இருக்கிறது, முன்பு பெட்ரோல் போதாமல் வெளுத்துக் கிடந்தது. முழு ஆக்சிலேட்டரில் இழுவையும் நன்றாக இருப்பதால் மெயின் ஜெட்டைத் தொடவில்லை.