அண்ணனுக்கு ஒரு அதிர்வுப் பட்டை

பாபநாசம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் பெரியப்பா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவருக்காகக் கையில் கட்டிக்கொள்கிற பட்டை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒரு மைக், ஈஎஸ்பி32 என்கிற குட்டிக் கணினிச் சிப் ஒன்று, செல்போனில் இருப்பதுபோல ஒரு சின்ன வைப்ரேட்டர் மோட்டார், பேட்டரி. ஹாரன் கேட்டால் அதிர வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னாலே எல்லாரும், சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்யேன் என்கிறார்கள். 2016-இல் அமெரிக்க மாணவர்கள் இருவர் அப்படி ஒன்று செய்து பரிசே வாங்கினார்கள். காது கேளாதவர்கள்தான் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். புருவம், வாய், தோள் எல்லாமே சைகை மொழியின் இலக்கணம், கையுறைக்கு அது எதுவும் தெரியாது. அதோடு, நாம் சைகை கற்காமல் தப்பிக்க அவர்கள் எதற்குக் கையில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும்? அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

சரி, அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். பம்புசெட் ஓடுகிறதா என்பதைக் குழாயைத் தொட்டே தெரிந்துகொள்வார், அதற்குக் கருவி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். வாய்க்கால் கரை ரோட்டில் சைக்கிளில் போகும்போது பின்னால் வரும் லாரி, டில்லர் ஓட்டும்போது யாராவது வண்டியில் வந்து ஹாரன் அடித்துக் கூப்பிடுவது, இந்த இரண்டும்தான் அவர் கேட்டது.

டில்லர்தான் பெரிய சிக்கல். நம் தோல் 250 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும் அதிர்வைத்தான் நன்றாக உணரும், மோட்டாரையும் அதற்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுத்திருந்தேன், ஆனால் டில்லர் கைப்பிடியின் உதறல் முன்கை முழுக்க ஏறிவிடுவதால் மணிக்கட்டில் பட்டை அடிப்பது அவருக்குத் தெரியவே இல்லை. அவரே அவிழ்த்து, சட்டைக் கையைச் சுருட்டி, தோளுக்குக் கீழே கட்டிக்கொண்டு தலையாட்டினார். அங்கே உணர்ச்சி கொஞ்சம் மட்டு, மோட்டார் இன்னும் பலமாக அடிக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். பரவாயில்லை. விடாமல் அதிர்ந்தால் தோலுக்குப் பழகிப்போகும் என்பதால் விட்டுவிட்டு இரண்டு முறை அதிரும்படி வைத்திருக்கிறேன்.

அப்புறம் மைக். சத்தம் உள்ளே போக ஓட்டை வேண்டும், சேறும் தண்ணீரும் போகக் கூடாது. அதற்கென்றே வரும் மெல்லிய சவ்வை ஒட்டிப் பார்க்கிறேன். ஒரே சுருதியில் நீளும் ஹாரனைப் பிரிப்பது சுலபம், பாட்டுப் பாடுகிற மினிபஸ் ஹாரன்தான் இன்னும் பிடிபடவில்லை. அதைத் தை அறுப்புக்குள் சரிசெய்தாக வேண்டும், நெல் லாரிகள் அந்த ரோட்டில் அதிகம் ஓடுவது அப்போதுதான்.