லுச்செஸ்குவும் இரவு டெஸ்க்கும்

ருமேனியக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரின் பெயரை லூசெஸ்கு என்று தமிழில் அடித்தால் டெஸ்க்கில் யாராவது ஒருவர் கட்டாயம் சிரிப்பார். முதல் இரண்டு எழுத்திலேயே சிரிப்பு வந்துவிடும். ஆங்கிலச் செய்தி ஏஜென்சி காப்பியில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தால் அப்படித்தான் வரும். ருமேனியர்கள் 'மிர்ச்சா லுச்செஸ்கு' என்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தபோது, எங்கள் பேப்பரில் அவர் பெயர் மூன்று விதமாக அச்சாகி முடிந்திருந்தது. அதில் இரண்டு என் கைவண்ணம்.

ஒரு தமிழ் நாளிதழின் மதுரைப் பதிப்பில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன் நான். மாலை ஆறு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர இரண்டாகிவிடும். பக்கம் என்று பேர்தானே தவிர, முக்கால்வாசி கிரிக்கெட். மீதியில் மாவட்டக் கபடி, பள்ளி வாலிபால். ஐரோப்பியக் கால்பந்துக்கு இடது ஓரத்தில் ஒற்றைப் பத்தி. விளம்பரம் வந்தால் அதுவும் போச்சு.

சப் எடிட்டராக இருந்த காலத்தில் என் வேலை எனக்குத் தெளிவாகத் தெரியும். காப்பியை எடு, நாலு பாராவாக்கு, தலைப்புப் போடு, பக்கத்தை அனுப்பு. ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கிய பிறகு என் வேலை என்ன என்பதே ரொம்ப நாள் பிடிபடவில்லை. அதனால் பழைய வேலையையே இரண்டு மடங்காகச் செய்தேன். பையன்கள் எழுதிக் கொடுப்பதை வாங்கி, முழுக்க அழித்து, நானே எழுதுவேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவனிடம் விளக்கிச் சொல்லித் திருத்த வைப்பதென்றால் முக்கால் மணி நேரம் ஆகும். டெட்லைன் இருக்கும்போது முக்கால் மணி நேரத்துக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் லுச்செஸ்கு எனக்குள் வந்து உட்கார்ந்தார். எப்படி என்று சொல்கிறேன்.

2009 மே மாதம். 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவு. அடுத்த இரண்டு மூன்று நாளில் முள்ளிவாய்க்கால். அந்த வாரம் அலுவலகத்தில் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. செய்திப் பிரிவு பக்கம் போகவே தயக்கமாக இருந்தது. விளையாட்டுப் பக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த ஐபிஎல் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. 20ஆம் தேதி இரவு இஸ்தான்புல்லில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். அந்தப் பெயரில் நடந்த கடைசி இறுதி ஆட்டம் அது. அடுத்த சீசனிலிருந்து யூரோப்பா லீக் ஆகிவிட்டது. நம் நேரத்துக்கு நள்ளிரவு 12:15க்குத் தொடங்கியது. எங்கள் சிட்டி எடிஷன் 1:30க்குப் பிரஸ்ஸுக்குப் போய்விடும். ஆகவே அந்த ஆட்டம் எங்களுக்கு நடக்கவே இல்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கம் போன பிறகும் செய்திப் பிரிவு டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உக்ரைனின் ஷக்தார் தொனெட்ஸ்க் அணியும் ஜெர்மனியின் வெர்டர் பிரெமனும். 1-1. கூடுதல் நேரத்தில் 97ஆவது நிமிடம் ஜாட்சன் அடித்த கோலில் ஷக்தார் ஜெயித்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு உக்ரைன் கிளப் ஒன்று வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பை. நானும் கிளம்ப மனமில்லாமல் அரைத் தூக்கத்தில் பார்த்தேன். கோடு ஓரத்தில் வெள்ளைத் தலையோடு ஒரு பெரியவர். ஷக்தாரின் பயிற்சியாளர் லுச்செஸ்கு.

மறுநாள் மாலை அந்தத் தம்பி ஒரு காப்பி கொண்டு வந்தான். கோல் விவரம் இரண்டே வரி. மீதி முழுக்கப் பயிற்சியாளரைப் பற்றி. முதலில் இறங்கிய பதினோரு பேரில் ஐந்து பேர் பிரேசில்காரர்கள், சின்ன வயதிலேயே கூட்டி வரப்பட்டவர்கள், இந்த மனிதர் அவர்களோடு போர்த்துகீசிய மொழியிலேயே பேசுவார் என்றெல்லாம் எழுதியிருந்தான். நான் அதை வாங்கி, அழித்து, ஏஜென்சி காப்பியை வைத்து ஏழு வரியாக்கினேன். தலைப்பும் நானே போட்டேன். மறுநாள் பேப்பரில் அந்த ஏழு வரியில் ஒரு பிழை இருந்தது. பயிற்சியாளர் புடாபெஸ்ட்டைச் சேர்ந்தவர் என்று வந்திருந்தது. அவன் புக்காரெஸ்ட் என்று சரியாகத்தான் எழுதியிருந்தான்.

ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் நான் இந்த ஆளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். குற்ற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1945இல் புக்காரெஸ்ட்டில் பிறந்தவர். தினமோ புக்காரெஸ்ட் அணியின் விங்கர், அதாவது ஓரத்தில் ஓடித் தாக்கும் ஆட்டக்காரர். ஆடிக்கொண்டே பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவர். 1938க்குப் பிறகு ருமேனியா ஆடிய முதல் உலகக் கோப்பை 1970 மெக்சிகோ. அதில் அவர்தான் கேப்டன். குவாதலஹாராவில் பெலேயின் பிரேசிலிடம் 3-2 என்று தோற்ற அணி அது. அந்த பிரேசிலிடம் அந்த ஸ்கோரில் தோற்பதைப் பெருமை என்றே சொல்வேன்.

அப்புறம் 1977 மார்ச் 4. ருமேனியாவை உலுக்கிய நிலநடுக்கம். 1,500க்கும் மேல் சாவு, பெரும்பகுதி புக்காரெஸ்ட்டில். அதன் பிறகு குடும்பத்தோடு தலைநகரை விட்டுக் கிளம்பி ஹுனெதோவாரா என்ற ஊருக்குப் போய்விட்டார். திரான்சில்வேனியாவில் இருக்கும் இரும்பாலை ஊர். ஒரு பக்கம் பழைய கோட்டை, இன்னொரு பக்கம் உலைப் புகை. அங்கே கோர்வினுல் என்றொரு சின்ன கிளப். வயது முப்பத்திரண்டு ஆகப்போகிறது. ஆறு முறை லீக் சாம்பியன், நாட்டின் முன்னாள் கேப்டன். ஒரு பெரிய ஆட்டக்காரன் மெதுவாக ஓய்ந்துபோக ஏற்ற ஊர் என்றுதான் வெளியே இருந்து பார்த்தால் தோன்றும்.

1979இல் அங்கேயே ஆட்டக்காரர்–பயிற்சியாளர் ஆனார். எனக்கு இந்தப் பகுதியில்தான் ஆர்வம் அதிகம். கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருந்த அணி அடுத்த ஆண்டே மேலே வந்தது. 1982இல் லீக்கில் மூன்றாமிடம். பெரிய கிளப்புகளிலிருந்து ஆள் வாங்கக் காசு கிடையாது. கையில் இருந்த பையன்களை வைத்துத்தான் எல்லாம். ரெத்னிக், அந்தோனே, கிளைன், மத்தேயுத்ஸ், காபோர். 1981இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக இளைஞர் கோப்பையில் ருமேனியா மூன்றாமிடம் பிடித்தது. அந்தப் போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து ரோமுலுஸ் காபோருக்கு. இரும்பாலை ஊரிலிருந்து வந்த பையன். மத்தேயுத்ஸ் பின்னால் தினமோவுக்குப் போய், 1989இல் லீக்கில் 43 கோல் அடித்து ஐரோப்பாவின் தங்கக் காலணியை வாங்கினார்.

யோசித்துப் பாருங்கள். அவரும் மைதானத்தில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். பந்து வருகிறது. பக்கத்தில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனைவிட அவரால் நன்றாகச் செய்ய முடியும். தானே எடுத்து அடிப்பதா, அவனிடம் கொடுத்து அவன் சொதப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? என் டெஸ்க்கில் தினமும் இரவு பதினொன்றரைக்கு வந்த கேள்வி இதுதான். நான் தானே எடுத்து அடிக்கிற ஜாதி. அவர் எப்படிச் சமாளித்தார் என்று தெரிந்துகொள்ள எவ்வளவோ துழாவினேன். செய்முறை விளக்கம் எங்கேயும் கிடைக்கவில்லை. அவர் கையிலிருந்து வெளியே போன பையன்களின் பட்டியல்தான் கிடைத்தது.

அவருக்கும் கை அரிப்பு இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். 1990இல் தினமோவின் பயிற்சியாளராக லீக்கையும் கோப்பையையும் வென்ற அதே சீசனில், 44 வயதில், ஒரு லீக் ஆட்டத்தில் தானே சட்டை மாட்டி இறங்கினார். ஒரே ஆட்டம். பார்த்தவர்கள் சிரித்தார்களா, கைதட்டினார்களா, யார் கண்டது.

அதற்கு முன்னால் தேசிய அணி. 1981இல் பொறுப்பேற்றபோது வயது முப்பத்தாறு. 1983 ஏப்ரலில் உலகச் சாம்பியன் இத்தாலியை புக்காரெஸ்ட்டில் 1-0 என்று தோற்கடித்து, 1984 ஐரோப்பியக் கோப்பைக்கு அணியைக் கொண்டு போனார். அதே 1983 ஆகஸ்ட்டில் ஆஸ்லோவில் நார்வேக்கு எதிராக 18 வயதுப் பையன் ஒருவனை இறக்கினார். பின்னால் ருமேனியாவின் பெரிய நட்சத்திரமான கியோர்கே ஹாஜி. 1986 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அந்த ஆண்டே பதவி போனது. அந்த அணியில் வளர்ந்தவர்களை வைத்து ருமேனியா பின்னால் மூன்று உலகக் கோப்பை ஆடியது. வேறு பயிற்சியாளர்கள் பெயரில்.

இத்தாலியில் இருந்த ஆண்டுகளை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். பிசாவில் வேலை போனது. பிரெஷியாவில் ஹாஜி உட்பட நாலு ருமேனியர்களைக் கூட்டி வந்தார். ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். இன்டர் மிலானில் சில மாதம். நடுவில் ஊருக்குத் திரும்பி ராபிட் புக்காரெஸ்ட்டுக்கு 1967க்குப் பிறகு முதல் லீக் பட்டம். பிறகு துருக்கி. 2000 ஆகஸ்ட்டில் இஸ்தான்புல்லின் கலத்தசராயோடு ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பிய சூப்பர் கோப்பை, 2002இல் லீக். லீக் ஜெயித்த கையோடு கிளப் அவரை அனுப்பிவிட்டுப் பழைய பயிற்சியாளரைக் கூப்பிட்டுக்கொண்டது. இவர் அதே ஊரில் போட்டி அணியான பெஷிக்தாஷுக்குப் போனார். அது அந்த கிளப்பின் நூற்றாண்டு. 2003இல் அவர்கள் சாம்பியன். பழிவாங்கல் என்று எழுத எந்த சப் எடிட்டருக்கும் கை துடிக்கும். எனக்கென்னவோ அதைவிட எளிமையாகத்தான் தோன்றுகிறது. பக்கத்துத் தெருவில் வேலை இருந்தது, போனார்.

2004இல் தொனெட்ஸ்க். நிலக்கரிச் சுரங்க ஊர். ஷக்தார் என்றாலே சுரங்கத் தொழிலாளி என்றுதான் பொருள். ஹுனெதோவாராவில் தொடங்கியவர் மறுபடி ஓர் உலைப் புகை ஊருக்கே வந்து சேர்ந்தார். இந்த முறை பின்னால் கிளப்பின் உரிமையாளர், கோடீஸ்வரர் ரினாத் அக்மெதோவின் பணம் இருந்தது. அதை வைத்து வயதான நட்சத்திரங்களை வாங்கியிருக்கலாம். அவர் பிரேசிலில் இருந்து இருபது வயதுப் பையன்களை வாங்கினார். ஃபெர்னாண்டினோ, ஜாட்சன், வில்லியன், டக்ளஸ் கோஸ்டா. பின்னால் தடுப்பது உக்ரைன்காரர்களும் குரோஷியாவின் ஸ்ர்னாவும், முன்னால் ஆடுவது பிரேசில்காரர்கள். ஊர் மொழி புரியாத, பனி பார்த்திராத பையன்களை ஓரிரு ஆண்டு பொறுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். அவர்கள் நன்றாக ஆடத் தொடங்கியதும் பெரிய கிளப் வந்து தூக்கிக்கொண்டு போகும். 2013இல் ஃபெர்னாண்டினோ மான்செஸ்டர் சிட்டிக்கு, அர்மீனியாவின் மிகித்தாரியன் டார்ட்மண்ட்டுக்கு. மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு ஆண்டில் எட்டு லீக் பட்டங்கள். எனக்கு எட்டைவிட அந்தப் பன்னிரண்டுதான் பெரிதாகத் தெரிகிறது.

2014இல் தொனெட்ஸ்க் பக்கம் போர் வந்தது. அந்த ஜூலையில் பிரான்ஸில் ஒரு நட்பு ஆட்டம் முடிந்ததும் ஆறு தென் அமெரிக்க வீரர்கள் உக்ரைனுக்குத் திரும்ப மறுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். 2009இல் திறந்த ஐம்பதாயிரம் பேர் உட்காரும், அணியின் சொந்த தோன்பாஸ் அரங்கம் குண்டு வீச்சில் சேதமானது. அணி கீயிவில் தங்கி, நாட்டின் மறு கோடியில் இருக்கும் லிவிவுக்குப் போய்ச் சொந்த மைதான ஆட்டங்களை ஆடியது. அவர் 2016 வரை விடவில்லை. அவர் விலகிய செய்தியை எங்கள் பேப்பரில் அதே தம்பிதான் எழுதினான். அப்போது அவன் சீனியர். அரைப் பக்கம் கேட்டான், கால் பக்கம் கொடுத்தேன். ஒரு வார்த்தைகூடத் தொடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஒரு கமா எடுத்தேன்.

2020இல் ஷக்தாரின் பரம வைரியான தினமோ கீயிவுக்கு அவர் போனபோது ரசிகர்கள் கொதித்தார்கள். நாலே நாளில் விலகுகிறேன் என்றார், அப்புறம் இருந்துவிட்டார், முதல் சீசனிலேயே லீக்கும் கோப்பையும் வென்றார். 75 வயதில். அந்த ஆண்டு எனக்கு 58. பணி ஓய்வு விழாவில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இரவு வேலை பார்த்தவனுக்குக் கடிகாரம். சரி.

2024 ஆகஸ்ட்டில் அந்தத் தம்பி போன் செய்தான். இப்போது வேறு ஊரில், வேறு பத்திரிகையில், அவனும் இன்சார்ஜ்.

"சார், நம்ம ஆளு மறுபடி வேலைக்குச் சேர்ந்துட்டாரு. ருமேனியா டீமுக்கு."

38 ஆண்டுக்கு முன் போன அதே நாற்காலி. வயது 79.

"பேரை எப்படிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"புதுப் பையன் லூசெஸ்குன்னு எழுதியிருக்கான் சார். கூப்பிட்டு உட்கார வெச்சிருக்கேன். டெட்லைன் தாண்டிடும் போல."

செப்டம்பர் 6 முதல் ஆட்டம், கொசோவோவின் பிரிஷ்தினாவில். நம் நேரத்துக்கு அதே 12:15. தூக்கம் எப்படியும் வராது. பழக்கம். போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3-0. முடியும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. வீட்டில் எழுந்து வந்து, "இன்னும் என்ன, பக்கம் போகலையா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.