கராஜ் பட்டறைக்கு ஹீட்டர்: முதலில் கதவு, அப்புறம் வாட்

பிராம்ப்டனில் எங்கள் வீட்டோடு ஒட்டிய இரண்டு கார் கராஜ். 20 அடிக்கு 20 அடி, 9 அடி உயரம். பாதி இடம் காருக்கு, மீதி என் மரவேலைக்கு. மேப்பிள் மரத்தில் ஒரு சாமி மண்டபம் செய்துகொண்டிருக்கிறேன். குளிர்காலம் முழுக்க அதை மூடிப்போட்டு வைக்க மனம் வரவில்லை, அதனால் இந்த வருடம் கராஜுக்கு ஹீட்டர் போட்டேன். அந்த வேலை எப்படிப் போயிற்று என்று எழுதி வைக்கிறேன். கனடாவில் மரவேலை செய்யும் நம் ஆட்களுக்கு உதவும்.

அக்டோபர்

எத்தனை டிகிரி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தேன். வீட்டுக்குள் இருப்பது போல 21 டிகிரி பட்டறைக்குத் தேவையே இல்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இழைப்புளி தள்ளினால் 13 டிகிரியே சுகமாக இருக்கும். கணக்கைத் தீர்மானிப்பது கை அல்ல, பசை. சாதாரண மரப் பசை பெரும்பாலும் 10 டிகிரியாவது கேட்கும். அதற்கு ரொம்பக் கீழே போனால் காய்ந்த பசை சுண்ணாம்புப் பொடி போல வெளுத்துவிடும், இணைப்பில் பலம் இருக்காது. காற்று மட்டும் 10 டிகிரி இருந்தால் போதாது, மரமும் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். ஆகவே வேலை நேரத்தில் 13, மற்ற நேரத்தில் 5 என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து, வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். சதுர அடியில் பரப்பை ஃபாரன்ஹீட் வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, R மதிப்பால் (வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) வகுத்து, வருவதை 3.4 ஆல் வகுத்தால் வாட் கணக்கு கால்குலேட்டரில் வந்துவிடும். வெளியே மைனஸ் 20, உள்ளே 10 என்று எடுத்துக்கொண்டேன். வித்தியாசம் 30 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 54.

எங்கள் கதவு 16 அடிக்கு 7 அடி, வெறும் தகடு. R மதிப்பு 1 என்று வைத்தால் அந்தக் கதவு வழியாக மட்டும் சுமார் 1770 வாட் வெளியே போகிறது. கடையில் கிடைக்கும் செருகு ஹீட்டர் 1500 வாட்தான். அதை வாங்கி வைத்தால் அதன் முழுச் சூடும் கதவுக்கே போய், அதற்கும் போதாது. உள்ளே ஒன்றும் அடைக்காத வெளிச்சுவர் வழியாக இன்னொரு 700 வாட். இடுக்குகளில் காற்று புகுந்து, மணிக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாறினால் அதற்கு 1000 வாட். தரையைச் சேர்க்காமலே 3500 வாட்டுக்கு அருகில் வந்துவிட்டது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஹீட்டர் விலைகளைத் தேடுவதை நிறுத்திவிட்டேன். முதல் செலவு கதவுக்கு.

நவம்பர்

காற்று வேகமாக அடித்த ஒரு சாயங்காலம், ஊதுபத்தி ஏற்றிக் கதவின் ஓரம் முழுக்க மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். பக்கவாட்டில் புகை நேராக மேலே போயிற்று. கீழ் மூலைகள் இரண்டிலும் படுத்துக்கொண்டு உள்ளே ஓடிற்று. அடிப்பகுதி ரப்பர் பட்டை நடுவில் நன்றாக இருக்க, மூலைகளில் மட்டும் இறுகிச் சுருண்டிருந்தது. பட்டையை மாற்றினேன், பக்கங்களுக்கும் புதுப் பட்டை அடித்தேன். இந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல பலன் வேறு எதிலும் கிடைக்காது.

அப்புறம் கதவுத் தகட்டின் உள்பக்கம் 2 அங்குல நுரைப் பலகை. நம் ஊர்த் தெர்மோகோல் இனம்தான். ஆனால் வெறும் தெர்மோகோலைத் திறந்து வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். கராஜ் கதவுக்கென்றே மேலே பூச்சோடு விற்பதை வாங்குங்கள். R மதிப்பு 8 அளவுக்கு வரும். அதே கதவு வழியாகப் போகும் வெப்பம் 220 வாட்டுக்கு இறங்குகிறது. பிரிவுகளுக்கு இடையே உலோகம் இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் கூடும், இருந்தாலும் பழைய 1770 எங்கே, இது எங்கே!

ஒரு எச்சரிக்கை. பலகை ஒட்டியதில் கதவின் எடை ஏறக்குறைய 9 கிலோ கூடும். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் பாதி உயரம் தூக்கிப் பாருங்கள், அங்கேயே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் ஸ்பிரிங்கை முறுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிடுங்கள். அந்த ஸ்பிரிங்கில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், கையை உடைத்துவிடும் விசை அதில் இருக்கிறது.

சுவருக்கு R-12 பஞ்சு அடைத்து மேலே ஜிப்சம் பலகை. அது சாதாரண வேலை, சொல்ல ஒன்றுமில்லை. சுவர் வழியாகப் போவது 700 வாட்டிலிருந்து 240 ஆயிற்று.

எந்த ஹீட்டர்?

பக்கத்து வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், கராஜில் கார் வேலை செய்பவர். அவரிடம் கூரையில் தொங்கும் காஸ் ஹீட்டர் இருக்கிறது. "தம்பி, காஸ் எண்டா டக்கெண்டு சூடு வந்திடும். ஆனா நீர் மரவேலை செய்யிறீர், தூசி கிடக்கும். யோசிச்சுச் செய்யும்" என்றார். அவர் சொன்னது சரி. காஸ் போடுவதென்றால் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய வகைதான் மரத்தூள் பறக்கும் இடத்துக்கு ஏற்றது. எங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் அதைப் பதிவு பெற்ற காஸ் ஒப்பந்தக்காரர்தான் பொருத்த வேண்டும். பெரிய கராஜ், தினமும் வேலை என்றால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

சிலிண்டரில் மாட்டும் புரொப்பேன் ஹீட்டரை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். கார்பன் மோனாக்சைடு ஆபத்து எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது தண்ணீர். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. புகைபோக்கி இல்லாததால் அவ்வளவும் அறைக்குள்ளேயே நிற்கும். குளிர்ந்து கிடக்கும் டேபிள் சாவின் (மேசை ரம்பம்) வார்ப்பிரும்புப் பரப்பில் அது வியர்த்து, துரு பிடிக்கும். உளிகளுக்கும் அதே கதி.

அகச்சிவப்பு ஹீட்டரையும் பார்த்தேன். காற்றைச் சுடாமல் எதிரே இருப்பதை நேராகச் சுடும். ஒரே மேசையில் நிற்பவருக்கு அருமையானது. எனக்கு மரமும் பசையும் எல்லா மூலையிலும் சூடாக இருக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்.

கடைசியில் எடுத்தது 240 வோல்ட், 5000 வாட், ஃபேன் உள்ள மின் ஹீட்டர். மைனஸ் 20 இலும் வெப்பத்தைப் பிடித்து வைக்க 1500 வாட் அளவு போதும் என்று கணக்கு சொல்லும்போது 5000 எதற்கு? தரைக்காக. 400 சதுர அடி, 4 அங்குலக் கான்கிரீட் என்றால் சுமார் 9 டன். அதை ஒரு டிகிரி ஏற்றவே இரண்டு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு வேலை தொடங்கும் நேரத்தில் போட்டால் இரவு சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

5000 வாட் ஏறக்குறைய 21 ஆம்பியர் இழுக்கும். 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கர், 10 கேஜ் செம்புக் கம்பி. எலக்ட்ரீஷியன் அடுப்பு, துணி உலர்த்தி எல்லாம் சேர்த்துப் பேனலின் சுமையைக் கணக்கிட்டுவிட்டுத்தான் கை வைத்தார். மின் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தகவல் கொடுத்து ஆய்வும் முடிந்தது. எங்களிடம் நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் மின்கட்டணம். வாரநாளில் இரவு 7 மணிக்கு மேலும் சனி, ஞாயிறு முழுக்கவும் மலிவு. பொழுதுபோக்குக்காரனுக்கு வேலை நேரமும் அதுதானே.

ஜனவரி

வெளியே மைனஸ் 18. உள்ளே 5 இல் இருந்த காற்று ஒரு மணி நேரத்துக்குள் 13க்கு வந்தது. ஆனால் தரையில் வைத்த வெப்பமானி 7 தான் காட்டியது. அதனால் ஒட்ட வேண்டிய துண்டுகளை முந்தைய இரவே வீட்டுக்குள் கொண்டுபோய், வேலை நேரத்தில் எடுத்து வருகிறேன். மண்டபத்தின் நான்கு தூண்களும் அப்படித்தான் ஒட்டின, இணைப்பில் வெளுப்பு இல்லை. டேபிள் சா மேல் மெழுகு பூசியிருக்கிறேன், இதுவரை துரு இல்லை. கார் சுமந்து வரும் பனி உருகித் தேங்கினால் உடனே வாசல்பக்கம் தள்ளிவிடுகிறேன். ஈரப்பதம் ஏறுவது அங்கிருந்துதான். ஹீட்டருக்குள் சேரும் மரத்தூளை, மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு வாரம் ஒரு முறை ஊதி எடுக்கிறேன். வார்னிஷ் அடிக்கும் நாளில் ஹீட்டரைப் போடுவதே இல்லை.

அடுத்து, நான் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாய் போட வேண்டும். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவின் ஓரப் பட்டையையும் மாற்றப் போகிறேன். மண்டபத்துக்கு இனி கோபுரமும் கதவுகளும் பாக்கி.