ஆம்ப்ர் சுல்தான்: மூன்றாவது வாரக் குறிப்பு

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஆம்ப்ர் சுல்தான் செண்டை இடது முழங்கையின் உள்மடிப்பில் ஒரே ஒரு தடவை அடித்தேன். இரவு ஏழு மணிக்கும் இருந்தது. பதினொரு மணி நேரம்! இதே செண்டுக்கு முதல் இரண்டு வாரமும் என் நோட்டில் நான் எழுதி வைத்திருந்தது, "இரண்டரை மணி நேரம், அப்புறம் ஒன்றுமே இல்லை" என்று. அந்த ஆறு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். இவ்வளவு நல்ல செண்டைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தேனே என்று மனசு ஆறவில்லை. அதைச் சரி செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் பிடிபட்டது அக்காவால். போன வாரம் ஒரு நாள் நெஞ்சில் இரண்டு, இடது மணிக்கட்டில் ஒன்று என்று அடித்திருந்தேன். மத்தியானமே "போய்விட்டது" என்று எழுதி நோட்டை மூடியாகிவிட்டது. சாயங்காலம் அறைக் கதவைத் திறந்த அக்கா அங்கேயே நின்றாள். "காலையில அடிச்சதா இது? கதவைத் திறந்ததுமே வருதே" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு இரண்டு மணிக்கட்டையும் மாற்றி மாற்றி நீட்டினேன். எந்தக் கை என்று ஐந்து தடவை கேட்டேன். ஐந்து தடவையும் சரியாகச் சொன்னாள். என் மூக்குக்கோ இரண்டு கையும் ஒன்றாகத்தான் இருந்தன.

மூக்கு பழகிப்போவது செண்ட் பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிசினும் வெனிலாவும் கலந்த, அம்பர் என்று சொல்லும் இந்த வகைச் செண்டில் அது எவ்வளவு முழுசாக நடக்கும் என்பதுதான் எனக்கு இப்போது உறைத்தது. எலுமிச்சை வகைச் செண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு முகம் காட்டும். மூக்கும் கூடவே விழித்திருக்கும். அம்பரின் அடிப்பகுதி அப்படி இல்லை. லாப்டனம் (சிஸ்டஸ் என்ற புதரின் பிசின்), சாம்பிராணி, வெனிலின் (வெனிலா மணம் தருவது) எல்லாமே மெதுவாக ஆவியாகிற சரக்கு. மணிக்கணக்கில் ஒரே சீராக எழும்பிக்கொண்டிருக்கும். மாறாமல் இருப்பதை மூக்கு சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மோவாய்க்கு நேர் கீழே அடித்துக்கொண்டு நாள் முழுக்க அதையே மூச்சாக இழுத்தால் வேறென்ன ஆகும்?

அதனால் இந்த வாரம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்: எங்கே அடிப்பது, எப்போது முகர்வது.

நெஞ்சு, கழுத்து இரண்டையும் விட்டுவிட்டேன். மணிக்கட்டும் சரிவரவில்லை. கை கழுவும்போது போகிறது, மேஜையில் உரசுகிறது, முகத்துக்கு அருகே அடிக்கடி வருகிறது. கடைசியில் நின்றது முழங்கையின் உள்மடிப்பு. சூடான இடம், நீளக் கை வைத்த சட்டையால் மூடி வைக்கலாம், வேண்டும்போது மட்டும் திறக்கலாம். ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரே அழுத்தல். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மணம் உடைந்துவிடும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் உரசுகிற சூட்டில் மேல் மணம், அதாவது அடித்ததும் முதலில் எழும் மணம், சீக்கிரம் பறந்துவிடுகிறது, இந்தச் செண்டில் நான் தவறவிடக் கூடாத கட்டமே அந்த மேல் மணம்தான். அடித்த பிறகு ஒரு நிமிஷம் திறந்து வைத்து, காய்ந்ததும் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும். வலது கையில் ஒன்றும் கிடையாது. இரண்டு கைக்கும் வாசமில்லாத அதே சோப்பு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் கை இல்லாமல் தோலின் சொந்த வாசத்தையும் செண்டையும் பிரிக்கவே முடியாது.

முகர்வதற்கு நேரம் குறித்துவிட்டேன்: அடித்ததிலிருந்து பத்து நிமிஷம், ஒரு மணி நேரம், மூன்று, ஆறு, பதினொன்று. நடுவில் எவ்வளவு ஆசை வந்தாலும் சட்டைக் கையைத் தூக்குவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் வெளியே போய்ப் பத்து நிமிஷம் வெறும் காற்றில் நிற்க வேண்டும். காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பதையும் செய்து பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. 2011ல் வெளியான ஓர் ஆய்விலும் காப்பிக்கொட்டை, எலுமிச்சை, வெறும் காற்று மூன்றும் ஒரே பலனைத்தான் கொடுத்தன. அப்புறம், நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக மூன்று இழுப்பு. ஒரு சாண் தள்ளித் தொடங்கி மெதுவாகக் கையை நெருக்கிக்கொண்டு வர வேண்டும். எந்தத் தூரத்தில் முதலில் பிடிபடுகிறது என்பதை அளந்து எழுதுகிறேன். நேற்று பத்தாவது நிமிஷத்தில் முழுக் கை நீளத்திலேயே தெரிந்தது. மூன்றாவது மணியில் ஒரு சாண். பதினொன்றாவது மணிக்குத் தோலைத் தொட்டுக்கொண்டுதான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது, வலது கையில் அது இல்லை.

இந்த முறைக்கு வருவதற்குள் இன்னொரு வழியிலும் மூன்று நாள் போனது. முழு பாட்டிலை வாங்குவதற்கு முன்னால் பிரித்துக் கொடுக்கும் சின்னக் குப்பியில் பழகிப் பார்ப்பதுதான் என் வழக்கம். இந்தத் தடவை ஒரு விற்பனையாளர் அனுப்பிய 2 மில்லி குப்பியில் முதல் நாளே ஏதோ வெள்ளைக் கஸ்தூரி வாடை, சலவைத்தூள் மாதிரி. ஆம்ப்ர் சுல்தானில் அதற்கு வேலையே இல்லை. முன்பு வேறு எதையோ ஊற்றிய ஸ்பிரே மூடியைக் கழுவி மறுபடி போட்டிருக்கிறார். கேட்டதற்குப் பதில் இல்லை. மூடியின் உள்குழாயில் ஏறிய கஸ்தூரி எத்தனை தடவை ஸ்பிரிட்டில் கழுவினாலும் போகாது. அந்தக் குப்பியை ஓரமாக வைத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினேன். இப்போது எந்தக் குப்பி வந்தாலும் முதல் மூன்று அழுத்தலைக் காகிதப் பட்டையில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்த பிறகுதான் கைக்குக் கொண்டுபோகிறேன்.

குப்பியிலிருந்து வரும் அளவும் ஏமாற்றும். கிராமில் இரண்டு தசம இலக்கம் வரை காட்டும் தராசில் பத்து அழுத்தலை நிறுத்துப் பார்த்தேன்: 0.43 கிராம். நண்பர் ஒருவரின் முழு பாட்டிலில் அதே பத்து அழுத்தல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக வந்தது. குப்பியில் பார்த்துவிட்டு "ரொம்ப மெல்லியது" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். தடவுகிற குச்சி வைத்த குப்பியை நான் இனிமேல் வாங்குவதில்லை. அதில் மேல் மணம் பாதிகூட எழும்புவதில்லை.

சரி, செண்டுக்கு வருவோம். செர்ஜ் லூட்டன்ஸ் நிறுவனத்துக்காக கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் செய்தது, 1993. முதல் பத்து நிமிஷம் பச்சை இலை நெடி: ஒரிகானோ, பே இலை, கொத்தமல்லி விதை. காய்ந்த இலையை உள்ளங்கையில் கசக்கியதுபோல் கசப்பும் காரமும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். அம்பர் என்று நம்பி வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கோ இந்த நெடிதான் மொத்தச் செண்டையும் தாங்கி நிற்கிறது என்று தோன்றுகிறது. ஒரு மணி நேரத்தில் இலை பின்வாங்கும். ஆனால் முழுசாகப் போகாது. அடியிலிருந்து எழும் இனிப்பின் ஓரத்தில் ஒரு கசப்புக் கோடு மாதிரி நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் இது திகட்டுவதில்லை.

மூன்றாவது மணியிலிருந்து பிசின். இங்கே ஒரு சிக்கல், தமிழ் மூக்குக்கே உரிய சிக்கல். பென்சாயின் என்று அவர்கள் எழுதுவது நம்முடைய சாம்பிராணி. அரேபிய வணிகர்கள் அதை லுபான் ஜாவி, ஜாவாவின் குங்கிலியம், என்று அழைத்ததிலிருந்து திரிந்து வந்ததுதான் பென்சாயின் என்ற பெயர். முகர்ந்த நொடியில் மனசு "சாம்பிராணி" என்று பெயர் வைத்துவிடும், பெயர் வைத்ததும் புகையும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் இந்தச் செண்டின் அந்தக் கட்டத்தில் புகையே இல்லை. எரியாத, கட்டியாக இருக்கும் சாம்பிராணியை நகத்தால் சுரண்டி முகர்ந்தால் வருமே, வெனிலாவும் மரமும் கலந்த அந்த மெல்லிய வாசம், அதுதான் இருக்கிறது. இதைப் பிரித்தறிய எனக்கு நான்கு நாள் பிடித்தது. சியாம் சாம்பிராணிக் கட்டியைத் தனியாக வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறி முகர்ந்தேன். லாவோஸ் பக்கத்திலிருந்து வருகிற சியாம் வகையில் வெனிலா மிகுதி. சுமத்ரா வகை பட்டை வாசமும் சற்றுக் கரகரப்பும் கொண்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செண்டில் உள்ளது சியாம் பக்கம்தான் சாய்கிறது.

ஆறாவது மணி என் அபிமானக் கட்டம். லாப்டனம் தனியாக நிற்கும் நேரம். வெயிலில் கிடந்த தோல், உலர்ந்த பழம், அதற்கு அடியில் லேசாக ஓர் ஆட்டு வாடை. வாடை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன், குறையாகச் சொல்லவில்லை. கிரீட் தீவில் அந்தக் காலத்தில் ஆடுகள் சிஸ்டஸ் புதருக்குள் மேயும்போது தாடியிலும் மயிரிலும் பிசின் ஒட்டிக்கொள்ளும், மேய்ப்பர்கள் அதைச் சீவி எடுப்பார்கள். தோல் வார்கள் தொங்கும் வாரி மாதிரி ஒரு கருவியால் வெயில் நேரத்தில் புதரை அடித்தும் எடுத்தார்கள். இன்றைக்குப் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து, கிளைகளைக் கொதிக்கவைத்து எடுப்பது. ஆடு போய்விட்டாலும் பிசினில் அந்த விலங்கு வாசம் இயல்பாகவே உண்டு. அதைத் துடைத்தெடுத்து வெறும் வெனிலாவாக விற்கிற அம்பர்கள் எனக்கு ஒட்டுவதில்லை.

ஒப்பிட, பிரான்சிஸ் குர்க்ஜானின் கிராண்ட் சுவார் என்ற அம்பர் செண்டைக் காகிதப் பட்டையில் பக்கத்தில் வைத்தேன். 2016ல் வந்தது. அதே லாப்டனம், அதே சியாம் சாம்பிராணி, கூட டோங்கா விதை. இலை கிடையாது, கசப்பு கிடையாது, முதல் நிமிஷத்திலிருந்தே தேன் மாதிரி வழவழப்பு. செய்நேர்த்தியில் அப்பழுக்கில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பார்கள், அக்காவும் அதைத்தான் எடுத்தாள். ஆறாவது மணியில் மறுபடி கேட்டேன். அப்போது சுல்தான் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அம்பர் என்று பெயர் போட்டு வரும் வேறு சிலவற்றில் பிசினே இருப்பதில்லை. திமிங்கல அம்பரைப் போலச் செய்த அம்ப்ராக்சான் என்ற செயற்கைச் சரக்குதான் முழுக்க. அது வேறு குடும்பம், அதை இந்தத் தராசில் நிறுக்கக் கூடாது.

இவ்வளவு முகர்ந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. சொந்தமாக ஓர் அம்பர் அடிக்கலவை செய்ய லாப்டனம் அப்சல்யூட் (பிரித்தெடுத்த அடர்சாறு) 10 கிராம் வாங்கியிருக்கிறேன். குப்பியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை, தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. வெந்நீரில் வைத்து இளக்கி, ஸ்பிரிட்டில் பத்து சதவீதமாகக் கரைத்து வைத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை என்று நினைக்கிறேன். லாப்டனம் நான்கு, சாம்பிராணி நான்கு, வெனிலின் ஒன்று என்ற விகிதத்தில் தொடங்கப்போகிறேன். 1874ல் டீமான், ஹார்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் வெனிலினைச் செயற்கையாகச் செய்தார்கள், அதற்குப் பிறகுதான் இந்த அம்பர் குடும்பமே வளர்ந்தது. ஆனால் அதை அள்ளிப் போடக் கூடாது. கூடினால் லாப்டனத்தை விழுங்கிவிடும், கலவையும் நாளாக ஆக பழுப்பேறும். வெனிலினைப் பாதியாகக் குறைத்து, ஒரிகானோ எண்ணெய் ஒரு துளி விட்டும் ஒரு கலவை செய்ய வேண்டும். சுல்தானின் கசப்புக் கோடு அப்படி வருமா என்று பார்க்க ஆசை.

அதற்கு முன் துணிச் சோதனை பாக்கி இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றில் ஆறு நாளைக்கு முன் ஒரு தடவை அடித்து, மூடாத டப்பாவில் வைத்திருக்கிறேன். அடித்த இடத்தில் வெளிறிய மஞ்சள் வட்டம் ஒன்று விழுந்திருக்கிறது, அதனால் வெள்ளைச் சட்டையில் இதை அடிப்பதாக இல்லை. இன்று காலை பத்து நிமிஷம் வெளியே நின்றுவிட்டு வந்து முகர்ந்தேன். இலை சுத்தமாகப் போய்விட்டது. வெனிலா இருக்கிறது, சாம்பிராணி இருக்கிறது. ஆட்டு வாடை இருக்கிறதா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாளைக்கு மறுபடியும் கண்ணைக் கட்டி, வெறும் துணி ஒன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கப்போகிறோம்.